பதில் சொல்லாத வாத்தியார்

போன வாரம் நண்பரின் மகன் ஒரு ஃபைலோடு வீட்டுக்கு வந்தான். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ஃபைலில் பதினொரு சர்ட்டிஃபிகேட்டுகள். பைத்தான், க்ளவுட், மெஷின் லேர்னிங்... எல்லாமே ஆன்லைன். கம்ப்யூட்டரே பாடம் நடத்தி, சந்தேகம் தீர்த்து, பரீட்சையும் வைத்துக் கொடுத்தவை.

“அப்புறம் இன்டர்வியூ ஏன் ஊத்திக்கிச்சு?”

“இருபது வரி ப்ரோக்ராம் ஒண்ணு கொடுத்து, எங்கே தப்புனு கண்டுபிடிக்கச் சொன்னாங்க அங்கிள்.”

“கண்டுபிடிச்சியா?”

“ஏஐ கையில இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்.”

சிரிப்பு வந்தாலும் அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘திறமையான ஆள் கிடைக்கவில்லை’ என்று கம்பெனிகள் புலம்புகின்றன. உடனே, ‘ஏஐ இருக்க பயமேன்? ஆளுக்கொரு வாத்தியார், இருபத்துநாலு மணி நேரமும்’ என்று சிலர் கடை விரிக்கிறார்கள். பாடம் கிடைக்காததால்தான் ஆள் கிடைக்கவில்லை என்று இவர்களாகவே முடிவுகட்டிக்கொள்கிறார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை.

2011-ல் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் ஸ்டான்ஃபோர்டின் ஏஐ பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தினார்கள். சேர்ந்தவர்கள் சுமார் 1,60,000 பேர். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். பாடத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ‘எங்கே, நீ போட்டுக் காட்டு’ என்று கேட்கத்தான் ஆளில்லை.

அந்தப் ‘பக்கத்து ஆளின்’ மதிப்பை பெஞ்சமின் ப்ளூம் 1984-லேயே எழுதிவிட்டார். தனியாக ட்யூஷன் பெற்ற சராசரி மாணவன், வகுப்பில் கூட்டத்தோடு படித்தவர்களில் 98 சதவீதம் பேரை முந்தினான் என்பது அவர் கணக்கு. பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லை. ஆனாலும் ஏஐ வாத்தியாரை விற்பவர்களுக்கு இதுதான் வேதவாக்கு.

சரி, வாத்தியார் எப்படி? துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2024-ல் வெளிவந்தன. கணக்குப் பயிற்சியின்போது ஒரு குழுவுக்கு, கேட்டதையெல்லாம் சொல்லிவிடும் ஏஐ. இன்னொன்றுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும் ஏஐ. மூன்றாவது குழுவுக்குப் புத்தகமும் நோட்டும்தான். பயிற்சியில் முதல் குழு 48 சதவீதமும், இரண்டாவது 127 சதவீதமும் அதிக மதிப்பெண் வாங்கின. பிறகு ஏஐயைப் பிடுங்கிவிட்டுப் பரீட்சை வைத்தார்கள். முதல் குழு, ஏஐயைப் பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவு! குறிப்பு வாங்கிய குழு தப்பித்தது. அதுவும் புத்தகக் குழுவின் அளவுக்குத்தான்.

நம் பையனின் கதையும் இதேதான். மாட்டிக்கொண்டு முழிக்கிற அந்த அரை மணி நேரத்தில்தான் தொழில் படிகிறது. அதைத்தான் இந்தப் படிப்புகள் ‘உங்கள் நேரம் மிச்சம்’ என்று சொல்லி எடுத்துக்கொள்கின்றன.

ஏஐ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வகுப்பில் கை தூக்கக் கூச்சப்படும் பெண், ராத்திரி ரெண்டு மணிக்குத் தமிழிலேயே ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்கலாம். அலுத்துக்கொள்ளாது. இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வாத்தியார் விடையைச் சொல்லாமல் இருப்பாரா? கடைசிப் பரீட்சையை அவர் உதவி இல்லாமல் எழுத வேண்டுமா? ரெண்டுக்கும் ‘இல்லை’ என்றால், நீங்கள் வாங்குவது காகிதம்.

பையனிடம் அதே இருபது வரியை நினைவிலிருந்து எழுதச் சொன்னேன். செல்போனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். முதல் பத்து நிமிஷம் என்னை முறைத்தான். அப்புறம் என்னை மறந்துவிட்டான். முக்கால் மணி கழித்து, “அங்கிள், லூப் ஒரு தடவை கூடுதலா சுத்துது!” என்று கத்தினான்.

பன்னிரண்டாவது சர்ட்டிஃபிகேட்டாக ஒரு ஃபில்டர் காபி கொடுத்து அனுப்பினேன்.