பாடாத வருடங்கள்

இங்கிலாந்தின் வாஷ்டி பன்யனை நாட்டுப்பாடல் மரபில் சேர்ப்பது விமர்சகர்களின் சோம்பல். அவரைத் தூண்டியது நியூயார்க்கில் கேட்ட பாப் டிலன் இசைத்தட்டு. 1965இல் வந்த அவருடைய முதல் தட்டின் பாடல் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் எழுதியது. 1970இன் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே'யில் கேட்கும் நாட்டுப்புறச் சாயல், பெரும்பாலும் தயாரிப்பாளர் ஜோ பாய்ட் சேர்த்த வாத்தியக்காரர்களுடையது. அது விற்கவில்லை, பாடுவதை விட்டார்.

2000இல் மறுவெளியீடு. 2005இல் இரண்டாவது தொகுப்பு, 'லுக்ஆஃப்டரிங்'. கண்டெடுத்துவிட்டதாக நாம் பெருமைப்படுகிறோம். தொலைந்திருந்தது நம் செவி.

குரல் அதே மென்மைதான். ஆனால் முன்பு குதிரை வண்டியில் தேடிப்போன வீடு, இப்போது பிள்ளைகளை வளர்த்து அனுப்பிய வீடு. பாடாத வருடங்களும் பாட்டில் சேர்ந்திருக்கின்றன. நம்மிடையே எழுதாமலிருப்பவனுக்கு மட்டும் ஏன் இத்தனை அவசரமாகக் கணக்கை முடிக்கிறோம்?