ஜவ்வு சரியானால் போதுமா?

கபடியில் பாடிப் போனவர் சட்டென்று திரும்பும்போது முழங்கால் ஜவ்வு கிழிவது தஞ்சை, திருவாரூர் பக்கத்து ஊர்களுக்குப் புதிதல்ல. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆயிற்று, வலியும் இல்லை, ஆகவே கால் தயார் என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கில் தொடையைச் சேர்ப்பதே இல்லை. மூட்டில் நீர் கோத்தவுடன் முன்தொடைத் தசையை நரம்பு முழுதாக இயக்குவதில்லை. சில வாரங்களிலேயே தசை சூம்பிவிடுகிறது. புது ஜவ்வைப் பெரும்பாலும் பின்தொடைத் தசைநாரிலிருந்து எடுப்பதால் அங்கும் வலு குறைகிறது. எண்ணெய் தேய்த்து உருவினால் இதமாக இருக்கும், ஆனால் தசை வளராது. சுமையைப் படிப்படியாகக் கூட்டினால்தான் வளரும்.

ஆகவே, மாதக் கணக்கை விட்டு வலுவை அளந்து பார்க்கும் முறையே சரியானது. அறுவை நடந்த கால் நல்ல காலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது அதன் அளவுகோல். நார்வேயிலும் அமெரிக்காவிலும் நூற்றுச் சொச்சம் விளையாட்டுக்காரர்களைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான ஆய்வில், ஒன்பதாம் மாதம்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தொடை வலு சமமாக இருந்தவர்களுக்கும் ஆபத்து குறைவு. சிறிய ஆய்வுதான் என்றாலும் ஒதுக்கிவிட முடியாது. 2010-இல் வெளியான சுவீடன் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடனே அறுவை செய்யாமல் பயிற்சியோடு தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டு ஆண்டுகளில் அறுவையே தேவைப்படவில்லை.

அந்த 90 சதவீதத்திலும் ஓட்டை உண்டு. மாதக்கணக்கில் ஓய்ந்திருந்ததால் நல்ல காலும் தளர்ந்திருக்கும். தளர்ந்த காலை அளவாக வைத்தால் தேறாதவரும் தேறிவிடுவார். மேலும் நாற்காலியில் உட்கார்ந்து எந்திரத்தை உதைக்கும் வலு வேறு, நடவு வயலில் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி வழுக்கும் வரப்பில் ஏறும் வலு வேறு. ஆகவே டெல்டாவில் அந்த வேலையையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

சீக்கிரமே சுமை ஏற்றினால் புது ஜவ்வு தளராதா என்று கேட்பார்கள். அந்தப் பயம் நியாயமானதே. புது ஜவ்வு முதல் சில மாதங்களில் வலுவிழந்து பிறகுதான் உறுதிப்படுகிறது. அதனால் காலை முழுதாக நீட்டும் கனமான பயிற்சியைத் தள்ளிவைக்கலாம். அளவாக மடக்கி எழுவதையும் சேர்த்து நிறுத்திவிடக் கூடாது. கூலி வேலை செய்பவர் ஒன்பது மாதம் பிசியோதெரபிக்கு அலைய முடியுமா என்பது இன்னும் கடினமான கேள்வி. எனினும் மணல் மூட்டையும் வாசற்படியும் போதும், எந்திரம் வேண்டாம். வழிகாட்ட ஆள்தான் வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார்; ஜவ்வு அறுவை ஆனவர்களையும் அவர் பார்ப்பவர்களின் பட்டியலில் தவறாமல் சேர்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எத்தனை முறை எழ முடிகிறது என்று மாதந்தோறும் நோட்டில் குறித்துவந்தால், குறுவை நடவுக்கு இறங்குவதா, சம்பாவரை பொறுப்பதா என்பதை அதைப் பார்த்தே முடிவுசெய்யலாம்.