மருந்து அதிகாரமும் உண்பார் உரிமையும்

தோற்றுவாய்

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ இந்நாளில் பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. உடற்பருமனும் நீரிழிவும் மிகுந்துவிட்ட காலம் இது. ‘குறைத்து உண்க’ என்பதே இவ்வதிகாரத்தின் சாரம் எனக் கொண்டு, உடல் இளைப்பதற்கென வகுக்கப்படும் உணவு விதிகளுக்கெல்லாம் வள்ளுவரை அரணாக நிறுத்துவார் பலர். இக்கொள்கை நூலோடு பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டவை வகுப்பில் எழுந்த இரண்டு வினாக்கள். திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியைச் சார்ந்த ஊர்களினின்று வரும் மாணவியர்க்கு இவ்வதிகாரத்தை யான் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி, தான் மூன்று திங்களாக இரவில் சோறு உண்பதில்லை என்றாள்; பசி பொறாது ஒருநாள் உண்டுவிட்டால், அக்குற்றத்துக்காக மறுநாள் ஒன்றும் உண்பதில்லை என்றாள். ‘வள்ளுவர் சொன்னபடிதானே அம்மா நடக்கிறேன்?’ என்பது அவள் வினா. மற்றொருத்தியின் தமக்கை ஆலையில் ‘ஷிப்டு’ என வழங்கும் முறைப்பணி செய்பவள். ‘பசித்தபின் உண்ணச் சொல்கிறார் வள்ளுவர். என் அக்காவுக்குப் பசிக்கும்போது சாப்பாட்டு மணி அடிப்பதில்லை. மணி அடிக்கும்போது பசிப்பதில்லை. அவளுக்கு இந்தக் குறள் எப்படி அம்மா பொருந்தும்?’ என்று அவள் கேட்டாள்.

இரண்டு வினாக்களுக்கும் அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆதலின் அதிகாரத்தை மீண்டும் கற்க நேர்ந்தது.

அதிகார வைப்பு

மருந்து பொருட்பாலில் அமைந்த அதிகாரம். பரிமேலழகர் பகுப்பின்படி அஃது அங்கவியலின் இறுதி அதிகாரமாகும். அதற்கு முன் நிற்பவை வரைவின்மகளிர், கள்ளுண்ணாமை, சூது என்பன. இவ்வைப்பினால் ஓர் உண்மை பெறப்படும். உண்டியின் அளவை ஆசிரியர் அறத்துப்பாலில் வைத்திலர். அளவிறந்து உண்பவன் நோயுறுவான் என்றாரேயன்றிப் பாவியாவான் என்றாரல்லர்.

உணவில் விலக்கு வள்ளுவர்பால் இல்லையோ எனின், உண்டு. புலாலை விலக்கினார், கள்ளை விலக்கினார். ஆயினும் புலாலை விலக்கியது அருள் பற்றி. கள்ளை விலக்கியது அறிவும் நாணும் அழிதல் பற்றி. உடல் பருக்கும் என்பதுபற்றி அவர் விலக்கிய பொருள் ஒன்றும் இல்லை. மருந்து அதிகாரத்தின் பத்துக் குறளிலும் ஓர் உணவுப்பொருளின் பெயரேனும் காணப்படாமை கருதத்தக்கது. சோறு தீது என்றோ, நெய் நன்று என்றோ அதில் இல்லை.

இக்கால உணவு விதிகளோ பெயர்ப்பட்டியலால் ஆனவை. இலண்டனில் 1863-இல் வில்லியம் பாண்டிங் என்பார் தம் உடல் இளைத்த வரலாற்றைச் சிறு நூலாக வெளியிட்டார். ரொட்டி, வெண்ணெய், சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றைத் தாம் விலக்கியதை அதில் உரைத்தார். அதன்பின் வந்த நூல்கள் பட்டியலை மாற்றின. பட்டியலிடும் முறையை மாற்றவில்லை. ஒருகால் கொழுப்புப் பகையாயிற்று. பிறிதொருகால் மாவுப்பொருள் பகையாயிற்று. விலக்கியதை உண்டவர் தவறியவராகக் கருதப்பட்டார். உடலைப் பற்றிய பேச்சு இவ்வாறு குற்றத்தைப் பற்றிய பேச்சாயிற்று. முதல் மாணவி தன்னைத் தானே ஒறுத்துக்கொண்டது இதனாலேயே. அவ்வொறுப்புக்கு வள்ளுவரிடத்துச் சான்று இல்லை.

உண்டியும் பத்தியமும்

இவ்வதிகாரத்தின் முதற்குறள் நோயின் காரணம் கூறும். அடுத்த ஆறும் உண்ணும் முறை கூறும். இறுதி மூன்றும் நோய் வந்தபின் செய்யத்தகும் மருத்துவம் கூறும். இப்பகுப்பு இன்றியமையாதது. நோயில்லார்க்கு உரியது வேறு, நோயுற்றார்க்கு உரியது வேறு என்பது இதனால் விளங்கும்.

நம் மருத்துவ வழக்கும் இதனோடு ஒத்தது. பத்தியம் என்பது நோயையும் மருந்தையும் நோக்கி மருத்துவர் விதிப்பது. கடும்பத்தியம், இச்சாபத்தியம் என அதற்கு வகையும் உண்டு. மருந்து முடிந்தபின் மறுபத்தியம் காத்து, இயல்பான உண்டிக்கு மீள்வர். எனவே பத்தியத்துக்குக் காரணமும் உண்டு; கால எல்லையும் உண்டு. இன்று ‘டயட்’ எனப் பெயர்பெற்ற வழக்கம் நோயின்றித் தொடங்குவது, மருத்துவரின்றி நடப்பது, முடிவின்றித் தொடர்வது. நோயுற்றார்க்குரிய இறுதி மூன்று குறளின் கண்டிப்பை, நலமுடையார்க்குரிய ஆறு குறளின்மேல் ஏற்றும் பிழை இது. நீரிழிவு முதலிய நோயுடையார்க்கு மருத்துவர் வகுக்கும் உணவுமுறை இதனுள் அடங்காது. அது மெய்யான பத்தியமே, போற்றத்தக்கதே.

அளவு யாரிடத்தது?

இனி, அவ்வாறு குறளும் கூறும் அளவு எத்தகையது என்று காண்போம். முதற்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், உணவும் செயலும் ஒருவனுடைய இயல்புக்கு ஒத்த அளவினவாதல் வேண்டும் என்று பொருள் கொள்கின்றார். அளவு எல்லார்க்கும் ஒன்றன்று. அவரவர் உடலியல்பைப் பற்றியது என்பது இதனால் போதரும். அடுத்து வருவன, முன் உண்டது செரித்தமை அறிதலையும், நன்கு பசித்தலையும் உண்பதற்கு அடையாளமாகக் கூறுகின்றன. 947-ஆம் குறள் வயிற்றுத் தீயையே அளவுகோலாக வைக்கின்றது. செரித்தமையும் பசியும் உண்பவர் தாமே அறிவன. பிறர் எழுதிய அட்டவணையோ, கலோரிக் கணக்கோ அவற்றை அறிவிக்கமாட்டா.

முதற்குறளில் மிகுதலும் குறைதலும் ஒருங்கே நோய்க்குக் காரணமாதல் மறக்கற்பாலதன்று. இதன் உண்மையை நம் மாநிலமே காட்டுகின்றது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் மிகை எடையுடையர். ஏறத்தாழ 13 பேர் குறை எடையுடையர். 53 பேர்க்குக் குருதிச்சோகை உண்டு. ‘குறைத்து உண்க’ என்று எல்லார்க்கும் பொதுவாகக் கூறும் அறிவுரை இவருள் பலர்க்குத் தீங்காய் முடியும். வள்ளுவர் அவ்வாறு கூறினாரல்லர்.

1995-இல் எவலின் திரிபோலி, எலிசு ரெச் எனும் அமெரிக்க உணவியலார் இருவர், உணவு விதிகளைக் கைவிட்டு, பசியும் நிறைவும் கூறும் குறிப்பைக் கேட்டு உண்ணுமாறு ஒரு நூல் எழுதினர். இதனை வள்ளுவர் முன்னரே கூறிவிட்டார் எனப் பெருமை பேசுதல் திறனாய்வாகாது. அளவு உண்பவரிடத்தது என்பதில் இரண்டும் ஒக்கும். ஆயின் 945-ஆம் குறள் ‘மறுத்து’ உண்ணலை வேண்டுகின்றது. அளவு கடந்து செல்லும் மனத்தை நிறுத்தலே அம்மறுத்தல். அமெரிக்க நூல் உண்பவர்க்கு இசைவு தருவதில் தொடங்குகின்றது. குறள் உண்பவர்க்கு அறிவு தருவதில் தொடங்குகின்றது. இவ்வேறுபாடு சிறிதன்று.

‘இழிவு’ எனும் சொல்

ஈண்டு ஒரு தடை எழும். 946-ஆம் குறளில் ‘இழிவு’ அறிந்து உண்பவன் போற்றப்படுகின்றானன்றோ? குறைத்தலைத்தானே அச்சொல் குறிக்கின்றது? எனின், அக்குறளின் உவமையை நோக்குதல் வேண்டும். இழிவறிந்து உண்பவனுக்கு எதிராக நிறுத்தப்படுபவன் பெருந்தீனி தின்பவன். அவன் அளவினின்று தாழ்தலே இழிவு. பசியினின்று தாழ்தல் அன்று. பட்டினியை இழிவு எனக் கொள்ளின், குறைதலும் நோய் செய்யும் என்ற முதற்குறளோடு மாறுகொள்ளும்.

இனி, அங்ஙனம் உண்பவனிடத்து நிலைத்து நிற்பது எது என ஆசிரியர் கூறுவதும் நோக்கத்தக்கது. மெலிவு என்றிலர், அழகு என்றிலர், இன்பம் என்றார். உண்டபின் குற்றவுணர்வால் துன்புறுபவர் எத்துணை மெலியினும், இக்குறள் கூறும் பயனை அடைந்தவர் ஆகார்.

யானைத்தீ

தீ அளவாய் நின்ற நிலையைக் குறள் கூறிற்று. அளவிழந்த தீயை மணிமேகலை காட்டுகின்றது. விருச்சிக முனிவன் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனி ஒன்றையே உண்டு வாழும் நோன்பினன். அக்கனியைக் காயசண்டிகை அறியாது காலால் சிதைத்தாள். சினந்த முனிவன், அவள் பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ எனும் அடங்காப் பசியால் வருந்துமாறு சபித்தான். எத்துணை உண்டும் ஆறாத அப்பசி, அமுதசுரபியில் மணிமேகலை இட்ட உணவினால் நீங்கிற்று.

இக்கதையைப் பழவினையின் விளைவாகக் கொள்வதே மரபு. ஆயினும் இதன் அமைப்பில் மற்றோர் உண்மையும் உண்டு. மிகக் கடிய உணவு நோன்பும் ஆறாப் பெரும்பசியும் இங்கு ஒரே கனியினின்று பிறக்கின்றன. இரண்டுக்கும் கால அளவும் ஒன்றே. ஒன்று மற்றொன்றின் மறுபக்கம் எனலாம்.

மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944–45-இல் ஆன்சல் கீசு என்பார் நடத்திய ஆய்வு இதற்கு ஒப்பாக நோக்கத்தக்கது. நலமுடைய ஆடவர் 36 பேர் அதில் தாமே முன்வந்து கலந்துகொண்டனர். அரைப்பட்டினியாக ஆறு திங்கள் வைக்கப்பட்ட அவர்க்கு உணவைப் பற்றிய எண்ணமே ஓயாது இருந்தது. சிலர் சமையல் நூல்களை விரும்பிப் படித்தனர். மீண்டும் வேண்டுமளவு உணவு கிடைத்தபோது, வயிறு நிறைய உண்டும் பசி தீராதவர் அவருள் இருந்தனர். 1950-இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வு கண்டது, காயசண்டிகையின் நோயை ஒத்தது. இரவுச் சோற்றை விட்ட மாணவி ஒருநாள் பசி பொறாது உண்டது மனவலிமைக் குறைவன்று. ஒடுக்கப்பட்ட தீயின் இயல்பு. அத்தீ ஒறுத்தலால் அடங்காது. முறையாக இடப்படும் உணவால் அடங்கும்.

நாடும் உண்டியும்

முதல் வினாவுக்கு விடை கண்டோம். இரண்டாம் வினா இதனினும் கடிது. பசியே அளவு எனின், பசித்தபோது உண்ணும் உரிமை இல்லாதவர் என் செய்வர்? இவ்வதிகாரம் தன் காலத்தையும் கலத்தையும் தானே ஆளும் ஒருவரை முன்னிலைப்படுத்தி நிற்கின்றது. இஃது அதன் எல்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

மணிமேகலை காஞ்சிக்குச் சென்றபோது அந்நகர் மழையின்றிப் பசியால் வாடிக்கிடந்தது என்பது காப்பியம். அக்காஞ்சியின் பெயர் பூண்ட மாவட்டத்திலேதான் இன்று திருப்பெரும்புதூரும் ஒரகடமும் உள்ளன. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஊண்டாய் ஆலை கால்கொண்டது முதல், ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த இந்நிலம் ஆலைகளின் நிலமாயிற்று. உணவை விளைத்த ஊர்களில் இன்று பல்லாயிரம் இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி, பிறர் சமைத்ததை, பிறர் குறித்த வேளையில் உண்கின்றனர்.

2021 திசம்பரில், இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த, பூந்தமல்லியை அடுத்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாயிற்று. 250-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை மூடப்பட்டு, 2022 சனவரி 12-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாலையில் கைப்பேசி செய்விக்கும் ஆப்பிள் நிறுவனம், சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் நெறிகளுக்கு ஒத்தனவாக இல்லை என்று அறிவித்து, ஆலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. பின்னர் 2024 ஆகத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குதற்குரிய குடியிருப்பு திறக்கப்பட்டது.

சோற்றைக் கண்டு அஞ்சுவோர் இருதிறத்தார் இந்நிலத்தில் உளர். பருமை வருமென்று அஞ்சுபவர் ஒருதிறத்தார். நோய் வருமென்று அஞ்சுபவர் மற்றொருதிறத்தார். முன்னவர் அச்சம் கற்பிக்கப்பட்டது; பின்னவர் அச்சம் பட்டறிந்தது. முன்னவர்க்குக் கூறும் ‘உன் பசியை நம்பு’ எனும் அறிவுரை பின்னவர்க்குப் போதாது. அவர் நம்புதற்குரிய உணவும் வேண்டும்.

இவர்க்கு வள்ளுவரிடத்து விடை இல்லையோ எனின், உண்டு. அதிகார வைப்பிலேயே உண்டு. மருந்து நிற்கும் அதே அங்கவியலில் ‘நாடு’ எனும் அதிகாரமும் நிற்கின்றது. பெரும்பசியும் நீங்காப் பிணியும் அழிக்கும் பகையும் சேராமல் இயல்வதே நாடு என்று அது கூறும் (குறள் 734). பசியும் பிணியும் அங்கு ஒருவரின் தனிக்குறையாக வைக்கப்படவில்லை. நாட்டின் குறையாக வைக்கப்பட்டன. மருந்தின் இறுதிக்குறளும் நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்பவற்றோடு நில்லாமல், உடனிருந்து உதவுபவரையும் நான்காம் உறுப்பாக எண்ணுகின்றது. பசி தீர்க்கும் சிறுகுடிகிழான் பண்ணனைப் பசிப்பிணி மருத்துவன் என்றது புறநானூறு. பசி பிணியாயின் உணவு மருந்து. அதனைச் சமைத்து இடுபவர் அந்நான்காம் உறுப்பினர். இஃது உரையாசிரியர் கூறாதது. யான் ஒப்புமையால் கொண்டது. இடுபவர் கடமையின்றி உண்பவர் முறைமை நிறைவுறாது என்பதே இதன் கருத்து.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இரண்டு. மருந்து அதிகாரம் உடல் இளைப்பிக்கும் விதிநூல் அன்று. உண்பவர் தம் பசியைத் தாமே அறிந்து, அச்சமின்றி இன்பத்தோடு உண்ணுதற்கு வழி கூறுவது. அவ்வழியில் நடக்கும் உரிமை எல்லார்க்கும் கிட்டுதல் நாட்டின் கடமையும் உணவிடுவார் கடமையும் ஆகும்.

முதல் மாணவிக்கு, ‘பசித்தால் உண், உண்டதற்காக உன்னை ஒறுக்காதே’ என்று இவ்வதிகாரத்தைக்கொண்டே கூறலாம். இரண்டாம் மாணவியின் தமக்கைக்கு இவ்வதிகாரத்தை ஓதுவதாற் பயனில்லை. அவளுடைய சாப்பாட்டு மணியைக் குறிப்பவர்க்கும், அவள் உண்ணும் சோற்றைச் சமைப்பிப்பவர்க்குமே அதனை ஓதுதல் வேண்டும்.