சூழ்ச்சியும் சுவையும்

தமிழில் பொருள் இறங்கிவந்த சொற்களுள் சூழ்ச்சி என்பதும் ஒன்று. திருக்குறளின் பொருட்பாலில் அச்சொல் ஆராய்தல், எண்ணித் துணிதல் என்னும் பொருளில் நிற்கிறது; வினை செய்வான் ஒருவனுக்கு வேண்டிய சிறப்புகளுள் அது வைத்து எண்ணப்படும். இன்றைய வழக்கிலோ சூழ்ச்சிக்காரன் என்றால் வஞ்சகன் என்பதன்றி வேறு பொருள் இல்லை. இவ்விரண்டு பொருள்களுள் எது ஒரு மனிதனுக்குப் பொருந்தும் என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கோடிக்கணக்கானோர் வழக்காடினர். அவ்வழக்குக்குக் களமானது 'சர்வைவர்' என்னும் தொலைக்காட்சிப் போட்டி. அது நடந்த நிலமோ அமெரிக்க மண் அன்று. சபா மாநிலத்தின் மேற்குக் கரைக்கு அப்பால், 1897இல் சேற்றெரிமலை குமுறியதால் கடலினின்று எழுந்த புலாவ் தீகா.

போட்டியின் அமைப்பு எளியது. பதினாறு பேர், குழுவுக்கு எண்மராகத் தாகி, பாகோங் என இரு குழுவாகத் தீவில் விடப்பட்டனர். தோற்ற குழு இரவில் மன்றங்கூடி, தன்னுள் ஒருவரை வாக்களித்து வெளியேற்ற வேண்டும். வெளியேறுபவரின் தீப்பந்தம் அவர் கண்முன்னே அவிக்கப்படும். 39 நாள் தாக்குப்பிடித்து இறுதியில் எஞ்சுபவருக்குப் பத்து இலட்சம் டாலர். சுவீடனில் 1997இல் தொடங்கிய 'எக்ஸ்பெடிஷன் ராபின்சன்' இதற்கு முன்னோடி; 2021இல் இதே அமைப்பு சான்சிபாரில் படமாகித் தமிழிலும் வந்தது. ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிடும் முறையை உத்தரமேரூர்க் கல்வெட்டில் படித்தவர்க்கு இம்மன்றக் காட்சி ஒரு நொடி பழகியதுபோல் தோன்றும். ஆனால் அங்கே பெயர் எழுதியது ஒருவரை உள்ளே சேர்ப்பதற்கு. இங்கே எழுதுவது வெளியே தள்ளுவதற்கு.

இத்தகைய நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்ப்பதைக் கற்றோர் பலர் இழிவாகக் கருதுவர். அடுத்த வீட்டுச் சண்டையை வேலிக்கு மேலாக எட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன என்று அவர்கள் வினவுவர். வினா பொருத்தமானதே. எனினும் சண்டையைப் பார்ப்பவனுக்கு யார் அடித்தார், யார் அழுதார் என்பதோடு சுவை தீர்ந்துவிடும். சர்வைவரைப் பார்த்தவர்கள் மறுநாள் அலுவலகத்திலும் இணையத்திலும் பேசியவை அவை அல்ல. யார் யாரை நம்பினார், அந்நம்பிக்கைக்கு அடிப்படை என்ன, எந்த இடத்தில் பிழைத்தார் என்பவையே அவர்தம் பேச்சு. வலியறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரங்களைப் பாடஞ்சொல்லும் ஆசிரியருக்கு இவ்வினாக்கள் புதியன அல்ல.

ரிச்சர்ட் ஹாட்ச் என்பவர் தாகிக் குழுவில் இருந்தார். ஓய்வுபெற்ற கடற்படை வீரரான 72 வயது ரூடி போஷ், சுமையுந்து ஓட்டுநரான சூ ஹாக், இளம்பெண் கெல்லி விகில்ஸ்வொர்த் ஆகிய மூவரோடு அவர் ஒரு கூட்டமைத்தார்: நால்வரும் ஒரே பெயரையே எழுதுவது. இன்று இத்தகைய போட்டி எதிலும் கூட்டு இல்லாமல் இராது. அன்று அது முறையா என்பதே ஐயமாக இருந்தது. இரு குழுவும் ஒன்றாகிப் பதின்மர் மிஞ்சிய முதல் இரவில் அதன் வலிமை புலப்பட்டது. பாகோங் குழுவினர் தம்முள் ஒருவரைக் கூட்டாக எதிர்ப்பதை இழிவெனக் கருதி, மனம்போனபடி ஆளுக்கொரு பெயர் எழுதினர். நால்வரின் வாக்கு மட்டும் ஓரிடத்தில் விழுந்தது. பத்து வாக்கில் நான்கே பெற்று வெளியேறியவர் கிரெட்சன். விமானப் படையில் காட்டில் உயிர்பிழைக்கும் கலையைப் பயிற்றுவித்தவர் அவர்! உயிர்பிழைத்தலையே பெயராகக் கொண்ட போட்டியில், அக்கலை அறிந்தவர்க்கு அது துணையாகவில்லை. அவருக்குப் பின் பாகோங் குழுவினர் எஞ்சிய நால்வரும் வரிசையாக வீழ்ந்தனர்.

அவ்வீழ்ச்சிக்கு உதவியவர் ஒரு நல்ல மனிதர் என்பதுதான் கதையின் சுவைமிக்க பகுதி. ஷான் கெனிஃப் என்னும் மருத்துவர், எவர்மீதும் பகையின்றி வாக்களிக்க விரும்பி, பெயர்களின் ஆங்கில அகரவரிசைப்படியே எழுதுவதாக அறிவித்தார். தோற்றத்தில் இது அறம். ஆயினும் தன் வாக்கு நாளை எங்கே விழும் என்று முன்கூட்டியே பறையறைந்தவர், அவ்வாக்கைப் பிறர் கையில் கொடுத்தவரே ஆகிறார். கூட்டினர் அதைத் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டனர். தீமை செய்யாதிருக்க முயன்றவரின் கைவழியாகவே ஒரு தீர்ப்பு நிறைவேறிய இந்நிலையை ஒரு நாடக ஆசிரியன் புனைந்திருந்தால் பாராட்டு எழுந்திருக்கும்.

இறுதிப் போட்டியில் மூவர் எஞ்சினர். கம்பம் ஒன்றில் வைத்த கையை எடுக்காது நிற்க வேண்டும். ஹாட்ச் தாமாகவே கையை எடுத்து விலகிவிட்டார்! வென்றால் ரூடியையோ கெல்லியையோ அவரே வெளியேற்ற வேண்டும். ரூடியோடு இறுதிக்குச் சென்றால் தோல்வி உறுதி. ரூடியை நீக்கினால் அவர் சினம் தீர்ப்பு நாளில் வாக்காக வரும். விலகிநின்றால் வெல்பவர் யாராயினும் ஹாட்சையே உடன் அழைப்பர். அவ்வாறே ஆயிற்று. ரூடி இடம் மாறி நிற்கையில் கை எடுத்துவிட, கெல்லி வென்று ரூடியை நீக்கினார். வெல்வதற்காகத் தோற்றவனைச் சூழ்ச்சிக்காரன் என்பதா, சூழ்ச்சியுடையவன் என்பதா? முன்னைய பொருளில் உடையவன்தான். ஆனால் அப்பண்பை அமைச்சனுக்கு ஓதிய நூல், அவன் சூழ்வது தன் பொருட்டன்று, நாட்டின் பொருட்டு என்பதையும் உடன்கொண்டது. ஹாட்சின் சூழ்ச்சிக்குப் பின்னால் நாடு இல்லை. பரிசுத் தொகை மட்டுமே இருந்தது.

வெளியேறியவருள் கடைசி எழுவர் நடுவராக அமர்ந்தபோது சூ ஹாக் ஆற்றிய உரையை இன்றளவும் சுவைஞர் எடுத்துப் பேசுவர். தோழியென நம்பிய கெல்லி தம்மைக் கைவிட்டார் என்னும் வெகுளியோடு அவர் எழுந்தார். தீவில் எங்கும் காணப்படுபவை பாம்பும் எலியும்; ஹாட்ச் பாம்பு, கெல்லி எலி; இயற்கை விதித்தபடி எலியைப் பாம்பு உண்ணட்டும் என்பது அவ்வுரையின் கருத்து. உவமைகளைத் தம் நாட்டிலிருந்து கொண்டுவராமல், தாம் நின்ற நிலத்தின் கருப்பொருளிலிருந்தே அவர் எடுத்தமை நோக்கத்தக்கது. உள்ளுறை உவமம் கருப்பொருளின்மேல் வரும் என்று கற்பிக்கும் வகுப்பில் இதனைச் சொல்லலாம். ஆனால் அவர் பொருளை வெளிப்பட உரைத்துவிட்டமையால் இது ஏனை உவமமே என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

இத்தனையையும் உள்ளவாறே கண்டதாக எண்ணுவது பேதைமை. 39 நாளின் நிகழ்ச்சி 13 வாரங்களில் வாரத்துக்கொரு பகுதியாகச் சுருங்கியது. எதை வைப்பது, எதை விடுவது, யார் முகத்தருகே இசையை நிறுத்துவது என்பவை தொகுப்பவர் கையில் உள்ளன. கவிக்கூற்று இல்லாத காப்பியம் போல் தோன்றும் இதில் கவி எங்கும் நிறைந்திருக்கிறார். சில காட்சிகளை நல்ல கோணத்துக்காக மாற்றாட்களைக் கொண்டு மீண்டும் படமாக்கியதைத் தயாரிப்பாளர் மார்க் பர்னெட் 2001இல் ஒப்புக்கொண்டார். போட்டி முடிவுகளை அது மாற்றவில்லை என்றும் கூறினார்.

தேர்ந்த சுவைஞர் இதனை அறியாதவர் அல்லர். அவர்கள் மறைந்து நிற்கும் அக்கவியையே தேடினர். சில வேளை அத்தேட்டம் எல்லை கடந்தது. நிகழ்ச்சியின் இணையத்தளத்தில் ஜெர்வேஸ் ஒருவரைத் தவிர ஏனையோர் படங்களுக்கெல்லாம் பெருக்கற்குறி இட்டிருந்ததைச் சிலர் கண்டுபிடித்து, அவரே வெல்வார் என்று அறுதியிட்டனர். அவரோ ஏழாம் இடத்தோடு வெளியேறினார். மாட்டு என்னும் பெயரால் எங்கோ கிடக்கும் சொற்களை இழுத்துக் கூட்டும் உரையைப் படித்துச் சலித்தவர்கள் இங்கே புன்முறுவல் கொள்வர்.

சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது. காப்பியத்துக் கதைமாந்தர் ஏடு மூடப்பட்டதும் ஏட்டுக்குள்ளேயே இருப்பர். இவர்களோ விமானமேறி வீட்டுக்குப் போகின்றனர். சூர்ப்பணகையைப் பழித்துப் பேசினால் புண்படுவார் இல்லை. கெல்லியைப் பழித்துப் பேசினால் அப்பேச்சு ஒருநாள் கெல்லியின் காதிலேயே விழும். பரிசுப் பணத்துக்கு வரி செலுத்தாத குற்றத்திற்காக ஹாட்ச் 2006இல் சிறைத்தண்டனை பெற்றபோது, கதைக்குத் தக்க முடிவு கிடைத்ததாகச் சிலர் மகிழ்ந்தனர். அது ஒரு நீதிமன்றச் செய்தி. பதினான்காம் வாரப் பகுதி அன்று. ஆட்டத்தில் அவர் செய்ததை மதிப்பிடும் உரிமை பார்த்தவர்க்கு உண்டு. ஆட்டத்துக்கு வெளியே அவர் வாழ்வைத் தொடர்கதையாக்கும்போது சுவைஞர் தம் பணியை விட்டு அந்த வேலிக்கே திரும்பிவிடுகின்றனர்.

முடிவை முன்னரே அறிந்துவிட்டால் சுவை கெடும் என்பது இச்சுவைஞருள் ஓயாத பூசல். சிலர் முடிவைத் துப்பறிவதையே ஆட்டமாக்கினர். ஹென்றி ஜென்கின்ஸ் என்னும் ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட நூலில் அவர்களைப் பற்றி ஓர் இயலே எழுதினார். தெருக்கூத்தில் துகிலுரியும் காட்சிக்கு விடியவிடியக் காத்திருப்பவர் எவரும் முடிவு அறியாதவர் அல்லர். தீகாத் தீவின் முடிவும் இன்று ஊரறிந்தது: ஹாட்ச் நான்கு, கெல்லி மூன்று. ஆயினும் மீண்டும் பார்ப்பவர் கண் நடுவருள் ஒருவரான கிரெக் என்னும் இளைஞர்மேல் போய் நிற்கும். ஏனையோர் நம்பிக்கை, துரோகம் என்று பேசிய அவ்விரவில், ஒன்றுமுதல் பத்துக்குள் ஓர் எண் சொல்லுமாறு மட்டுமே அவர் இருவரையும் கேட்டார். கெல்லி மூன்று என்றார். ஹாட்ச் ஏழு என்றார். கிரெக் மனத்தில் வைத்திருந்ததாகச் சொன்ன எண் ஒன்பது.