தோற்றவனுக்கு என்ன வேலை?

விளையாட்டுக்கு விமர்சனமா என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நாவலுக்கு உண்டு, நாடகத்துக்கு உண்டு, கச்சேரிக்கு உண்டு. பொழுது போக நாலு பேர் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்துக்கு எதற்கு என்று தோன்றுவது இயல்புதான். ஜெர்மனியில் அப்படி நினைப்பதில்லை. அங்கே 1979-ம் ஆண்டிலிருந்து விமர்சகர்கள் கூடி, பலகை ஆட்டங்களில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து வருஷா வருஷம் பரிசளித்து வருகிறார்கள். அது சரியான காரியம் என்பது என் அபிப்பிராயம். நாவலைப் போலவே ஆட்டமும் ஒரு சின்ன உலகத்தைப் படைத்து, நம்மை அதில் கொஞ்ச நேரம் வாழச் சொல்கிறது. அந்த உலகத்தில் என்ன நியாயம் நடக்கிறது என்று கேட்பது விமர்சகனின் கடமை.

சென்ற மே மாதத்தில் ஒரு வாரம், தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மகள் விடுமுறைக்கு வந்தபோது, துணிமணியைவிட அதிகமாக ஆட்டப் பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தாள். தருமபுரியிலிருந்து ஒரு வக்கீல் நண்பர் மாலையில் வந்து சேருவார். தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, அடுத்த வீட்டு விவசாயி நண்பரும் வருவார். ஏழு நாளும் மாலையில் ஆடினோம். ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரே கேள்வியால் அளந்து பார்த்தேன். இதில் தோற்றவனுக்கு என்ன வேலை?

நாவலாசிரியனுக்கு இந்தக் கேள்விதான் முதலில் தோன்றும். ஜெயித்தவனுடைய கதை பத்திரிகையில் நாலு வரிச் செய்தி. தோற்றவனுடைய கதைக்குத்தான் முந்நூறு பக்கம் வேண்டியிருக்கிறது.

முதல் நாள் பரணிலிருந்து இறங்கியது, நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த ‘பிஸினஸ்’ ஆட்டம். அதன் மூலமான ‘மோனோபொலி’க்கு ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு. லிஸ்ஸி மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி, நிலத்தைச் சிலரே வளைத்துப் போட்டு வாடகையில் கொழுப்பது எவ்வளவு அநியாயம் என்று காட்டுவதற்காக ஓர் ஆட்டம் செய்து, 1904-ல் அதற்கு உரிமை பெற்றார். பிறகு அதற்கு இரண்டு விதமான விதிகள் ஏற்பட்டன. ஒன்றில் செல்வம் பெருகினால் எல்லாருக்கும் பங்கு உண்டு. மற்றதில் ஒருவன் மற்றவர்களை நசுக்கி ஜெயிப்பான். 1935-ல் பார்க்கர் சகோதரர்கள் கம்பெனி மோனோபொலியை வெளியிட்டபோது, நசுக்குகிற விதிதான் உலகம் முழுவதும் போயிற்று. கண்டனமாகப் பிறந்தது கொண்டாட்டமாக மாறிவிட்டது. இந்த ஆட்டத்தில் தோற்றவனுக்கு ஒரு வேலையும் இல்லை. திவாலானவன் எழுந்து போக வேண்டியதுதான். ஒரு மணி நேரத்துக்குள் ஆசிரியர் எழுந்தார்; காப்பி போடப் போனார். நாங்கள் மேலும் இரண்டு மணி நேரம் ஆடினோம். ஒரு நல்ல பாத்திரத்தை மூன்றாவது அத்தியாயத்திலேயே கொன்றுவிட்டு, மிச்சக் கதையை இழுத்துக்கொண்டு போகிற நாவலைத்தான் நினைத்துக்கொண்டேன்.

புதிய ஆட்டங்கள் பெரும்பாலும் இந்தக் குரூரத்தைக் கைவிட்டுவிட்டன. ஆட்டம் முடிகிற வரையில் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. அது நாகரிகம். ஆனால், இருக்க இடம் கொடுத்தால் மட்டும் போதுமா?

2017-ல் மைக்கேல் கீஸ்லிங் செய்த ‘அஸுல்’ என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்ண ஓடுகளைப் பொறுக்கி, சுவரில் பதிப்பதைப் போல் அவரவர் பலகையில் அடுக்க வேண்டும். கண்ணுக்கு அவ்வளவு அழகான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. வேண்டாத ஓடுகளை அடுத்தவர் தலையில் கட்டலாம். அதற்கு மேல் உறவு கிடையாது. பின்தங்கியவர் தம் பலகையைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருக்கிறார். வசன கவிதை என்று சொல்லலாம், கதை இல்லை.

மாட் லீகாக் 2008-ல் வெளியிட்ட ‘பாண்டெமிக்’ வேறு விதம். உலகப் படத்தில் நான்கு நோய்கள் பரவுகின்றன. ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒரே கட்சியாக நின்று தடுக்க வேண்டும். ஜெயித்தால் எல்லாரும், தோற்றால் எல்லாரும். படத்தில் சென்னையும் இருக்கிறது. அதன்மேல் நாலாவது கட்டையை வைக்க வேண்டி வந்து, விதிப்படி நோய் மும்பை, டில்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா என்று தாவியபோது, 2020-க்கு முன் வெறும் கற்பனையாக இருந்திருக்கக்கூடிய ஒன்று எங்களுக்கு அப்படி இல்லை. சற்று நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை உண்டாக்கியது இந்த ஆட்டத்தின் பலம். அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாரும் ஒரே கட்சி என்றால், விஷயம் தெரிந்த ஒருவர் எல்லாருக்கும் யோசித்துவிடுகிறார். வக்கீல் உத்தரவு போட்டார். நாங்கள் காயை நகர்த்தினோம். தோல்வி பொதுச் சொத்தாகிவிட்டதால் அது யாருடையதாகவும் இல்லை.

இனி ‘கட்டான்’. கிளாஸ் டாய்பர் என்ற ஜெர்மானியர் செய்தது. 1995-ல் அந்த ஆண்டின் பரிசைப் பெற்றது. இந்தப் புதிய ஆட்டங்களின் அலையை உலகத்துக்குக் கொண்டுபோனதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு தீவு. அதில் காடு, களிமண் குன்று, மேய்ச்சல், கோதுமை வயல், மலை. பகடையில் விழும் எண்ணுக்கு ஏற்ப மரம், செங்கல், ஆடு, கோதுமை, தாது கிடைக்கும். வேண்டியது எல்லாம் ஒருவனிடமே இராது. ஆகவே பேரம் பேசியே தீர வேண்டும். முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர் ஜெயித்தவர்.

இதை மூன்று நாள் ஆடினோம். கடைசி நாள் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வக்கீலும் ஆசிரியரின் மகளும் ஆளுக்கு ஒன்பது புள்ளியில் நின்றார்கள். விவசாயி நண்பருக்கு நாலு புள்ளிதான். ஜெயிக்க வழியே இல்லை. ஆனால் செங்கல் அவரிடம்தான் இருந்தது. வக்கீல் ஒரு செங்கலுக்கு மூன்று தாது தருவதாகச் சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டார். அடுத்த முறை அந்தப் பெண், “மாமா, ஒரு ஆடு தரேன், செங்கல் குடுங்க” என்றாள். கொடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்தது.

வக்கீலுக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. “ஜெயிக்க முடியாதவர் யார் ஜெயிக்கணும்னு தீர்மானிக்கலாமா? இது என்ன நியாயம்?” என்றார்.

“ஆரம்பத்துல எனக்கு வெளச்சலே இல்லைங்க, வக்கீலய்யா. ஒரு கோதுமை கேட்டேன். பாப்பா ஒண்ணுக்கு ஒண்ணு குடுத்துச்சு. நீங்க மூணு கேட்டீங்க. பஞ்சத்துல சொன்ன வெல மறக்குமுங்களா?” என்றார் அவர்.

ஆட்ட ரசிகர்களிடம் கேட்டால் வக்கீல் பக்கம்தான் பேசுவார்கள். தோற்கிறவன் வெற்றியைத் தீர்மானிப்பதை அவர்கள் ஆட்டத்தின் குறையாகவே எண்ணுகிறார்கள். திறமைக்கு மதிப்பில்லாமல் போய்விடுகிறதாம். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்று அந்தப் பலகையில் நடந்த ஒரே கதை அதுதான். பகடையின் எண்கள் அந்த மனிதரைத் தோற்கடித்தன. ஆனால் ஞாபகத்தை அவரிடமிருந்து பறிக்கவில்லை. தோற்றவர்களுக்கும் ஞாபகம் உண்டு, அவர்களிடமும் ஒரு செங்கல் இருக்கும் என்று எண்ணி நடந்துகொள்வதும் ஒரு திறமைதானே? வக்கீல் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை; தோற்றார்.

கட்டானிலும் குறை உண்டு. அந்தத் தீவில் நாம் போவதற்கு முன்னால் ஜனங்களே இல்லை. ஒரு திருடன் மட்டும் இருக்கிறான். ஏழு விழுந்தால் அவன் வந்து நிற்பான். ஒருவருடைய சீட்டு இன்னொருவருக்குப் போகும். ஆடு போனால் போனதுதான், யாருக்கும் ஒன்றும் ஆகாது. நான் அதை ஆடிய மண்ணில் கதை வேறு. தருமபுரிச் சீமையில் வயலோரங்களில் நடுகற்கள் நிற்கின்றன. பலவற்றைத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆநிரை கவர்ந்துபோன சண்டையிலும், மீட்கப் போன சண்டையிலும் விழுந்தவர்களுக்கு எடுத்த கற்கள். பல்லவர் காலத்து வட்டெழுத்தில் இன்னான் பட்டான் என்று சொல்கின்றன. மாட்டை ஓட்டிக்கொண்டு சௌக்கியமாக வீடு திரும்பியவனுக்கு அங்கே கல் இல்லை. தகடூர்ப் போரில் ஜெயித்தவன் பெருஞ்சேரல் இரும்பொறை; ஊர் இன்றும் சொந்தம் கொண்டாடுவதோ தோற்ற அதியமானை. இந்த மண்ணுக்குத் தோற்றவனை மறக்கத் தெரியாது.

பழைய ஆட்டங்கள்தாம் உயர்ந்தவை என்று சொல்ல வரவில்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க உருட்டுகிற பரமபதத்தில், ஜெயித்தவனுக்கும் வேலை இல்லை, தோற்றவனுக்கும் இல்லை. எல்லாம் பகடை பார்த்துக்கொள்ளும். ஆடுபுலி ஆட்டத்தில் பதினைந்து ஆடுகள் கூடி மூன்று புலிகளை மடக்குவது அருமையான கற்பனை; ஆனால் அது இருவருக்கு மட்டும். என் கேள்விக்கு நேரான பதில் பல்லாங்குழியில்தான் இருக்கிறது. பதினான்கு குழிகளில் தம் பங்கை நிரப்பக் காய் இல்லாதவர், நிரம்பாத குழிகளை விட்டுவிட்டு அடுத்த ஆட்டம் ஆடுவார். இன்னும் வறுமை முற்றினால் குழிக்கு ஒரு காயாகப் போட்டு ஆட விதி உண்டு. அதற்குக் கஞ்சி காய்ச்சுவது என்று பெயர். பெயர் வைத்த பாட்டி யாரோ, பஞ்சத்தைக் கண்டவள். கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு எதிரியின் காய்களையெல்லாம் வாரிக்கொண்டு போனவர்களும் உண்டு.

புதிய ஆட்டங்களை வாங்கலாமா என்று கேட்கும் வாசகர்களுக்கு என் பதில்: அழகு வேண்டுமானால் அஸுல் வாங்குங்கள். நாலு மனிதர்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கட்டான் வாங்குங்கள். ஆனால் அதை ஆடும்போது, முதலில் யார் பத்துப் புள்ளி எடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நாலு புள்ளியில் நிற்கிறவர் தம் கையிலுள்ள செங்கலை யாருக்குக் கொடுக்கிறார் என்று பாருங்கள்.