ஷாப் ஏற்றமும் ஆம்மீட்டர் முள்ளும்

ரயில் சிமுலேட்டர் விளையாட்டுகளில் புதுக்காலத்து மின்ரயிலை ஓட்டுவதில் எனக்கு ருசியில்லை. கைப்பிடியைத் தள்ளினால் போதும், மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். பிரிட்டனின் பழைய கிளாஸ் 87 அப்படியல்ல. 1973-75இல் கட்டப்பட்ட 36 இன்ஜின்கள், 5,000 குதிரைசக்தி, மேலே 25,000 வோல்ட் கம்பி. லண்டன்–கிளாஸ்கோ பாதைக்கென்றே வந்தவை.

இதில் டேப் சேஞ்சரைப் படிப்படியாக ஏற்றித்தான் மோட்டாருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஒரு படி ஏறியதும் மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டர் முள் துள்ளும். வேகம் கூடக்கூட மெல்லத் தணியும். தணிந்த பிறகே அடுத்த படி. பால் பொங்குமுன் தீயைக் குறைக்கிற கைப்பக்குவம்தான். அந்தப் பாதையில் டெபே என்ற ஊரைத் தாண்டினால் ஷாப் ஏற்றம், 75 அடிக்கு ஓரடி உயர்வு. மழையும் சேர்ந்துவிட்டால் அவசரக்காரனுக்குச் சக்கரம் வழுக்கும். பாதையில் ஆங்காங்கே மின்சாரமில்லாத கம்பித் துண்டு வேறு. அதற்கு முன்பே விசையை இறக்கிவிட வேண்டும். சிக்னல் பச்சையென்றால் ஓட்டுநர் அறையில் மணி, எச்சரிக்கையென்றால் ஹாரன். ஹாரன் கேட்டதும் உடனே பொத்தானை அழுத்தாவிட்டால் பிரேக் தானே விழும்.

அந்த முள்ளின் துள்ளலைச் சரியாகச் செய்யாத விளையாட்டை நான் வாங்குவதில்லை, படம் எவ்வளவு அழகாயிருந்தாலும்.