மலையை வலக்கைப் பக்கம் வைத்து

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு சலூன். நாற்காலியில் உட்கார்ந்தால் மலை முதுகுப் பக்கம், கண்ணாடி எதிரே. பௌர்ணமி மாலையில் அந்தக் கண்ணாடிக்குள் கூட்டம் ஓயாமல் நடக்கும். தெருவில் போகிறவர்களுக்கு அருணாசலம் வலக்கைப் பக்கம். கண்ணாடிக்குள் போகிறவர்களுக்கு அதே மலை இடக்கைப் பக்கம். கிரிவலம் அங்கே கிரி இடமாகிவிடுகிறது.

கண்ணாடிக்குள் தெரிவதுபோல் இயற்கையிலும் நடக்க முடியுமா? 1956 வரை இயற்பியலாளர்கள் தயங்காமல் 'முடியும்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஒன்றை மாற்றிப் பார்த்த பின்பும் விதி மாறாதிருந்தால் அதற்குச் சமச்சீர் என்று பெயர். நேற்றைய விதியே இன்றும் விதி என்பதிலிருந்துதான் ஆற்றல் அழியாமை பிறக்கிறது என்று எம்மி நோதர் 1918-இல் நிறுவினார். அவ்வளவு ஆழமான கருத்து. ஈர்ப்பும் மின்காந்தமும் இடம் வலம் பார்ப்பதில்லை. ஆகவே எந்த விசையும் பார்க்காது என்று நம்பியிருந்தார்கள். ஒருவகைக் கதிரியக்கத்தை நடத்தும் வலுவற்ற விசையில் இதை யாரும் சோதிக்கவே இல்லை என்று இயற்பியலாளர்கள் லீயும் யாங்கும் சுட்டிக்காட்டினார்கள். சியென்-ஷியுங் வூ கோபால்ட்-60 அணுக்களைக் கடுங்குளிரில் ஒரே திசையில் சுழல வைத்துப் பார்த்தார். எலெக்ட்ரான்கள் இரு பக்கமும் சமமாகப் பறக்கவில்லை. சுழல் அச்சுக்கு எதிர்ப்புறமே அதிகம் போயின. 1957 தொடக்கத்தில் செய்தி வெளியானது. கண்ணாடி உலகம் வேறு, நம் உலகம் வேறு.

அந்த விசையின் சரியான வடிவத்தைக் கண்டவர் நம் பக்கத்து மனிதர். கோட்டயம் அருகே பிறந்து, தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்த இ.சி.ஜி. சுதர்சன். ராபர்ட் மார்ஷாக்குடன் சேர்ந்து, வலுவற்ற விசை இடக்கைத் துகள்களை மட்டுமே தொடுகிறது என்றார். நியூட்ரினோ என்ற துகள் இடக்கைத் திருகாணிபோல் சுழன்றுகொண்டே முன்னேறுகிறது; அதன் கண்ணாடிப் பிம்பத்தை இந்த விசை அறியாது. இந்தக் கோட்பாட்டோடு முரண்பட்ட நான்கு சோதனைகள் அப்போது இருந்தன. கோட்பாட்டைத் திருத்தவில்லை, சோதனைகளைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. திரும்பச் செய்தபோது கோட்பாடே நின்றது. 1957 செப்டம்பரில் இத்தாலி மாநாட்டில் மார்ஷாக் இதை அறிவித்தார். ஆனால் மாநாட்டுத் தொகுப்பு அச்சாகி வருவதற்குள் ஃபெயின்மன், கெல்-மான் கட்டுரை வந்துவிட்டது. பெயரும் பெரும்பாலும் அவர்களுக்கே போயிற்று. சுதர்சனுக்கு நோபல் கிடைக்காதது பெரும் குறை என்றே நினைக்கிறேன்.

இடம் வலம் பார்ப்பது விதியிலேயே இருக்கும் கோணல். இன்னொரு வகைச் சமச்சீர் முறிவில் விதி நேராகவே இருக்கும். உலகம்தான் ஒரு பக்கம் சாயும். இரும்பை 770 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சினால் காந்தத்தன்மை போய்விடும், அப்போது இரும்புக்குள் எல்லாத் திசையும் ஒன்றே. ஆறவிட்டால் ஏதோ ஒரு திசையைப் பிடித்துக்கொள்ளும். எந்தத் திசை என்று விதி சொல்லவில்லை. இந்தச் சிந்தனையைத் துகள் உலகுக்குக் கொண்டுவந்தவர் இயற்பியலாளர் நம்பு. 1964-இல் ஹிக்ஸ், ப்ரௌ, எங்லெர் ஆகியோர் இதை இன்னும் முன்னே கொண்டுபோனார்கள். பிரபஞ்சம் ஆறியபோது ஒரு புலம் எங்கும் படிந்தது. அதனால் வலுவற்ற விசையைச் சுமக்கும் டபிள்யூ துகள் புரோட்டானைப்போல் சுமார் 86 மடங்கு கனத்தது, ஒளித்துகள் கனமற்றே நின்றது. டபிள்யூவின் அந்தக் கனம்தான் வலுவற்ற விசையை வலுவிழக்கச் செய்கிறது. சூரியன் வெடித்துத் தீராமல் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நின்று எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். 2012 ஜூலை 4 அன்று செர்ன் அறிவித்த ஹிக்ஸ் துகள் இந்தப் புலத்தின் சாட்சி. எல்லா நிறையையும் ஹிக்ஸ்தான் தருகிறது என்று எழுதுகிறார்கள், அது தவறு. புரோட்டானின் நிறையில் பெரும்பங்கு, குவார்க்குகளைக் கட்டிவைக்கும் வலுவான விசையின் ஆற்றலிலிருந்து வருகிறது.

இந்த இயற்பியலுக்கு நம் ஊரிலும் ஓர் இடம் உண்டு. சென்னையில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீட்டில் நடத்திய கருத்தரங்குகள் வளர்ந்து, 1962-இல் கணித அறிவியல் நிறுவனமாயின. 1984-இல் சுதர்சனே அதன் இயக்குநராக வந்தார். அங்கே பணியாற்றிய ஜி. ராஜசேகரன் போன்றோர் கனவு கண்டதுதான் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகம். 50,000 டன் காந்த இரும்பு. அதில் நியூட்ரினோ மோதிப் பிறக்கும் மியூவான் ஒரு பக்கம் வளையும், எதிர்மியூவான் மறுபக்கம் வளையும். அப்படிப் பிரித்துப் பார்த்து, நியூட்ரினோ நிறைகளின் வரிசையை அறிவது நோக்கம். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகப் பிறந்திருந்தால் ஒன்றையொன்று அழித்து ஒளிதான் மிஞ்சியிருக்கும். நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவில் பொருள் கூடியதால் நாம் இருக்கிறோம். அந்தக் கூடுதலின் மூலம் நியூட்ரினோவிடம் இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பு உலகெங்கும் உண்டு.

2015-இல் இந்த ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மலையும் நீரும் என்னவாகுமோ என்ற அச்சம் ஊரில் எழுந்தது. தமிழக அரசும் எதிர்த்தது. அந்த அச்சத்துக்கு ஊர்க்காரர்களின் பேச்சிலேயே, முதல் நாளிலிருந்தே பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் வருத்தம். 1965-இல் கோலார் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவை முதன்முதலில் கண்டவர்களில் நாமும் இருந்தோம். அந்தச் சுரங்கம் மூடிக் கிடக்கிறது. பொட்டிப்புரம் மலை குடையப்படாமல் நிற்கிறது.